ட்ரங்க் அண்ட் டிரைவ் கேஸ்: ஃபைன் கட்டினா முடிஞ்சுதா... அந்த 10 கேள்விகளை யார் கேட்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மாமல்லபுரத்துல நண்பர்களோட ஒரு நாள் முழுக்க ஆட்டம் பாட்டம். கோவளம், முட்டுக்காடு தாண்டி ஈ.சி.ஆர்-ல வண்டி பறக்குது. தூரத்துல பேரிகேட், மஞ்சள் விளக்கு. டிராஃபிக் போலீஸ் கை காட்டி ஓரங்கட்டச் சொல்றார். கையில மெஷின். "ஊதுங்க தம்பி!"

இந்தச் சீனை நீங்க மீம்ல பார்த்திருப்பீங்க, ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. சிலர் நேர்லயும் பார்த்திருக்கலாம். அடுத்து என்ன நடக்கும்னும் தெரியும். வண்டி ஸ்டேஷனுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போகணும், ஃபைன் கட்டணும். "10 ஆயிரம் போச்சு மச்சான்"னு ஒரு வாரம் புலம்பல். அவ்வளவுதான்.

அந்த மெஷின் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 'இன்னிக்கு ராத்திரி உங்க ரத்தத்துல எவ்வளவு ஆல்கஹால் இருக்கு?' ஆனா, கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கு: 'குடி உங்க வாழ்க்கையில எந்த இடத்துல இருக்கு?' பல நாடுகள்ல குடிச்சுட்டு வண்டி ஓட்டி மாட்டுனவங்ககிட்ட இந்த ரெண்டாவது கேள்வியையும் கேட்கிறாங்க. 'ஸ்கிரீனிங்'னு அதுக்குப் பேர். அது என்ன, எப்படிப் பண்றாங்க, நம்ம ஊர்ல அதுக்கு வழி இருக்கா... வாங்க, பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவுதான் இதுக்கு அடிப்படை. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். 2019-ல சட்டத்தைத் திருத்தி தண்டனையைக் கூட்டினாங்க. முதல் முறை மாட்டினா 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். திரும்ப மாட்டினா 2 வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும்.

ஹெல்மெட் கேஸ் மாதிரி இதை ஸ்பாட்லயே ஃபைன் கட்டி முடிக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போயே ஆகணும். லைசென்ஸும் சஸ்பெண்ட் ஆகலாம்.

"நான் ஓட்டலையே, பின்னாடிதானே உட்கார்ந்திருந்தேன்"னு சொல்றவங்களுக்கும் ஒரு செய்தி. அதே சட்டத்தின் 188-வது பிரிவு, இந்தக் குற்றத்துக்கு உடந்தையா இருக்கிறவங்களுக்கும் தண்டனை உண்டுன்னு சொல்லுது. போதையில ஓட்டுறார்னு தெரிஞ்சே கூடப் போறவங்க மேலயும் இந்தப் பிரிவுல நடவடிக்கை எடுப்போம்னு 2022 அக்டோபர்ல சென்னை போக்குவரத்து போலீஸ் அறிவிச்சாங்க.

ஆக, தண்டிக்க சட்டம் இருக்கு. ஆனா, மாட்டுனவருக்குக் குடிப் பிரச்னை இருக்கான்னு பரிசோதிச்சே ஆகணும்னு 185-வது பிரிவு சொல்லலை.

ரெண்டு பேர், ஒரே ரீடிங்!

ஒரே ராத்திரி, ஒரே பேரிகேட்ல ரெண்டு பேர் மாட்டுறாங்கன்னு வெச்சுக்கங்க. ரெண்டு பேருக்கும் மெஷின் 110-னு காட்டுது.

முதல் ஆள், நண்பனோட பேச்சிலர் பார்ட்டியில என்னிக்காவது ஒருநாள் குடிக்கிறவர். நிக்க முடியலை, நாக்கு குழறுது. ரெண்டாவது ஆள், நேரா நிக்கிறார், தெளிவா பேசுறார், லைசென்ஸை எடுத்து நீட்டுறார். "நான் ஸ்டெடியாதான் சார் இருக்கேன்"னு சொல்றார்.

யாரைப் பார்த்துக் கவலைப்படணும்? நாம முதல் ஆளைச் சொல்வோம். டாக்டர்கள் ரெண்டாவது ஆளைச் சொல்வாங்க. அவ்வளவு ஆல்கஹால் உள்ள போயும் ஒருத்தர் ஸ்டெடியா தெரியுறார்னா, அவர் உடம்பு அதுக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம். மருத்துவத்துல இதை 'டாலரன்ஸ்'னு சொல்வாங்க. கால் தள்ளாடலைன்னாலும், திடீர்னு குறுக்க ஒரு மாடு வந்தா பிரேக் பிடிக்க அவர் மூளை எடுத்துக்கிற நேரம் கூடியேதான் இருக்கும்.

முதல் ஆளுக்கு அந்த 10 ஆயிரமும், ஒரு நாள் கோர்ட் அலைச்சலும் போதுமானதா இருக்கலாம். ரெண்டாவது ஆளுக்கு அது பத்தாது. அவர் ஃபைன் கட்டிட்டு, அந்த டென்ஷனுக்கே இன்னொரு குவார்ட்டர் போடுவார். அடுத்த வாரம் பேரிகேட் இல்லாத ரூட்ல வண்டியை விடுவார். இந்த ரெண்டு பேரையும் பிரிச்சுக் காட்டுறதுதான் ஸ்கிரீனிங்கோட வேலை.

எப்படிப் பண்றாங்க?

பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஒரு பேப்பர், கொஞ்சம் கேள்விகள். உலகம் முழுக்க அதிகமா பயன்படுறது 'ஆடிட்'ங்கிற கேள்வித்தாள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கினது. மொத்தம் 10 கேள்விகள், ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 4 வரை மதிப்பெண். அதிகபட்சம் 40. கேள்விகளோட சாரம் இதுதான்:

1. எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீங்க?
2. குடிக்கிற நாள்ல எவ்வளவு குடிப்பீங்க?
3. ஒரே சமயத்துல 6 டிரிங்க், அதுக்கு மேல குடிக்கிறது எத்தனை நாளைக்கு ஒருமுறை?
4. ஆரம்பிச்சா நிறுத்த முடியாமப் போயிருக்கா?
5. குடியால செய்ய வேண்டிய வேலையைச் செய்யாம விட்டிருக்கீங்களா?
6. காலையில எழுந்ததும் குடிச்சாதான் நிமிர முடியும்ங்கிற நிலைமை வந்திருக்கா?
7. குடிச்சதுக்கு அப்புறம் குற்ற உணர்ச்சி வந்திருக்கா?
8. முந்தின நாள் ராத்திரி நடந்தது ஞாபகம் இல்லாமப் போயிருக்கா?
9. உங்க குடியால உங்களுக்கோ, மத்தவங்களுக்கோ அடிபட்டிருக்கா?
10. வீட்டுலயோ, நண்பர்களோ, டாக்டரோ 'குறைச்சுக்கோ'ன்னு சொல்லியிருக்காங்களா?

8-க்குக் கீழன்னா ஆபத்து குறைவு. 8-ல இருந்து 15 வரைன்னா, குடி உடம்புக்கும் வாழ்க்கைக்கும் தொல்லை தர ஆரம்பிச்சிருக்கு. எளிமையான ஆலோசனை தேவை. 16-ல இருந்து 19 வரைன்னா கவுன்சலிங், தொடர் கண்காணிப்பு. 20, அதுக்கு மேலன்னா அடிமைத்தனம் இருக்கான்னு டாக்டர் முழுசா பார்க்கணும். ஒண்ணு முக்கியம்: இது நோய்க்கான தீர்ப்பு கிடையாது. 'உள்ள போய்ப் பாருங்க'ன்னு சொல்ற சிக்னல் மட்டும்தான்.

பொய் சொன்னா?

நியாயமான கேள்வி. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்றவங்ககூட, லைசென்ஸ் போயிடும்னு பயந்தா குறைச்சுதான் சொல்வாங்க. 'எப்பவாவது ஒரு பீர் சார்' கதைதான். அதனால, தண்டிக்கப்பட்ட ஓட்டுநர்களுக்கான திட்டங்கள்ல கேள்வித்தாளை மட்டும் நம்புறதில்லை. பிடிபட்டப்போ ரீடிங் எவ்வளவு, இதுக்கு முன்னாடி கேஸ் இருக்கா, கல்லீரல் என்சைம் மாதிரியான ரத்தப் பரிசோதனை முடிவு என்ன, வீட்டுல உள்ளவங்க என்ன சொல்றாங்கன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறாங்க. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துல, குடியைப் பத்தி மட்டும் நேரடியா கேட்காம, பழக்கவழக்கம், மனநிலை, குடும்பச் சூழலையும் விசாரிச்சு ஊகிக்கிற கேள்வித்தாளையே தனியா உருவாக்கினாங்க.

மத்த இடங்கள்ல?

ஜெர்மனியில ரத்தத்துல ஆல்கஹால் 160 மில்லிகிராம் தொட்டாலோ, திரும்பத் திரும்ப மாட்டினாலோ, மருத்துவ - உளவியல் பரிசோதனையில பாஸானாதான் லைசென்ஸ். அந்த அளவு போதையில சைக்கிள் ஓட்டி மாட்டினாலும் இதே கதிதான். பிரிட்டன்ல 200 மில்லிகிராம் தொட்டவங்களும், 10 வருஷத்துல ரெண்டு தடவை மாட்டுனவங்களும் 'அதிக ஆபத்துள்ளவர்' பட்டியல்ல வருவாங்க. தடைக்காலம் முடிஞ்சாலும் மருத்துவப் பரிசோதனை முடிச்சாதான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்.

நம்ம பக்கத்துல ஹைதராபாத்துக்கு வாங்க. அங்க மாட்டுனவங்களைக் கோர்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, போக்குவரத்துப் பயிற்சி நிலையத்துல குடும்பத்தினரோட உட்கார வெச்சு போலீஸ் கவுன்சலிங் கொடுக்கிறாங்க. அம்மாவோ மனைவியோ பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது, 'எப்பவாவது ஒரு பீர்' கதை எடுபடாது இல்லையா?

இதெல்லாம் பலன் தருமா? 215 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995-ல ஒரு அலசல் வெளியாச்சு. இப்படியான மறுவாழ்வுத் திட்டங்கள்ல சேர்ந்தவங்க மறுபடி குடிச்சுட்டு ஓட்டுறதும், அதனால வர்ற விபத்தும் 7-ல இருந்து 9 சதவிகிதம் குறைஞ்சதுன்னு அது சொன்னது. மேஜிக் நம்பர் கிடையாது. ஆனா, அந்த 7 சதவிகிதத்துல உங்க அண்ணனோ, எதிர்ல வர்ற வண்டியில இருக்கிற குழந்தையோ இருக்கலாம்.

செங்கல்பட்டுல முடியுமா?

முடியும். அதுக்கான கதவுகள் சட்டத்துலயே இருக்கு.

முதல் கதவு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவு. 'குடிப்பழக்கத்துக்கு ஆளானவர்'னு தெரிஞ்சா, லைசென்ஸ் வழங்கும் அதிகாரி அவரைத் தகுதிநீக்கம் செய்யலாம். அப்படி ஒருத்தரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த வேலையைத்தானே ஸ்கிரீனிங் செய்யுது! 2019 திருத்தம், சஸ்பெண்ட் ஆன லைசென்ஸைத் திரும்ப வாங்க ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியையும் கொண்டுவந்திருக்கு. அந்தப் பயிற்சிக்கு வர்றவர் கையில ஆடிட் பேப்பரைக் கொடுத்தா, 5 நிமிஷ வேலை.

ரெண்டாவது கதவு, நன்னடத்தைச் சட்டம் 1958. ஒருத்தரை நன்னடத்தையின் பேர்ல விடுவிக்கும்போது, போதைப்பொருளைத் தொடக் கூடாதுன்னு நீதிமன்றம் நிபந்தனை போட அதுல இடம் இருக்கு.

நீதிமன்றங்கள் புதுசா யோசிக்காமலும் இல்லை. போதையில காரை ஓட்டி மூணு பேரைக் காயப்படுத்தின ஒருத்தருக்கு, 2022 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அடையாறு சிக்னல்ல நின்னு ரெண்டு வாரம் விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுக்கணும்ங்கிறது நிபந்தனை. நோட்டீஸ் கொடுக்கச் சொல்ற அதே இடத்துல, 'மனநல டாக்டரைப் பார்த்துட்டு ரிப்போர்ட் கொண்டு வா'ன்னும் ஒரு வரி சேர்ந்தா எப்படி இருக்கும்?

ஆள் அனுப்ப இடமும் இருக்கு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல இருந்து இயங்குது. அதோட மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. சென்னையில 1980-ல சாந்தி ரங்கநாதன் தொடங்கின டி.டி.கே மருத்துவமனை, குடிநோய் சிகிச்சையில நாட்டுக்கே முன்னோடி. கோர்ட்டையும் ஆஸ்பத்திரியையும் இணைக்கிற அந்த ஒரு சீட்டுதான் பாக்கி.

கோர்ட் கேட்கிற வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். அந்த 10 கேள்விகளை நீங்களே இன்னிக்கு ராத்திரி கேட்டுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. ஒரு 'டிரிங்க்'னா 10 கிராம் தூய ஆல்கஹால். 42.8 சதவிகிதம் ஆல்கஹால் இருக்கிற 180 மில்லி குவார்ட்டர்ல சுமார் 60 கிராம் இருக்கு. அதாவது, 6 டிரிங்க்! 'ஒரே ஒரு குவார்ட்டர்தான் மச்சான்'னு சொல்றவர், ஆடிட்டோட 3-வது கேள்விக்குள்ள நேரா வந்துட்டார். 8 சதவிகித ஸ்ட்ராங் பீர் 650 மில்லின்னா, சுமார் 4 டிரிங்க்.

உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 7-ல இருந்து 10 கிராம் ஆல்கஹாலைத்தான் வெளியேத்தும். காபி, லெமன் ஜூஸ், குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. மாமல்லபுரத்துல ரூம் போட்டு, நள்ளிரவுல மடமடன்னு ஒரு குவார்ட்டரை முடிச்சுட்டு, தூங்கி எழுந்து சன்ரைஸ் பார்த்துட்டு அஞ்சரை, ஆறு மணிக்கு வண்டியை எடுக்கிறீங்களா? மெஷின் அப்பவும் 30-ஐத் தாண்டிக் காட்ட வாய்ப்பிருக்கு.

ஸ்கோர் 8-ஐத் தாண்டினா வெட்கப்பட ஒண்ணும் இல்லை. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. ரெண்டுக்கும் கட்டணம் கிடையாது. சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கணும்ங்கிறது, மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 உங்களுக்குக் கொடுக்கிற உரிமை.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகமா குடிக்கிறவங்க வைராக்கியமா ஒரே நாள்ல நிறுத்த வேண்டாம். கை நடுக்கத்துல தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில நிறுத்துறதுதான் பாதுகாப்பு.

உங்க கேங்ல ஒருத்தர் இருப்பார். எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா நிக்கிறவர். 'அவன் செம கெப்பாசிட்டிடா, அவனே ஓட்டட்டும்'னு சாவியை அவர்கிட்டதான் கொடுப்பீங்க. அடுத்த தடவை சாவியை நீங்க வாங்கி வெச்சுக்கங்க. மறுநாள் தெளிவா இருக்கும்போது, டீக்கடையில உட்கார்ந்து அந்த 10 கேள்விகளைக் கேளுங்க. பேரிகேட்ல நிக்கிற போலீஸுக்கு ஒரு ராத்திரி ரீடிங் மட்டும்தான் தெரியும். மத்த ராத்திரிகள் உங்களுக்குத்தானே தெரியும்!