பட்டம் ஸ்கூடாயில், வரைபடம் வேறெங்கோ: ஜொகூரின் பொறியியல் கல்வியும் வட்டார வளர்ச்சியும்

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1985இல் தன் முதன்மை வளாகத்தைக் கோலாலம்பூரிலிருந்து ஜொகூரின் ஸ்கூடாய்க்கு மாற்றிக்கொண்டது. தெற்கே ஒரு பொறியியல் பல்கலைக்கழகம் வந்துவிட்டால் தெற்கும் தொழில்வளம் பெற்றுவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. நாற்பதாண்டுகள் கழிந்தபின் அதைச் சோதித்துப் பார்க்கலாம். பொறியாளர் பற்றாக்குறையே ஜொகூரின் நோய் என்று அமைச்சர்களும் முதலீட்டாளர்களும் மாறி மாறிச் சொல்கிறார்கள். என் வாதம் வேறு. பொறியாளர் தேவைப்படும் முடிவுகள் ஜொகூரில் எடுக்கப்படுவதில்லை. அவை எடுக்கப்படாதவரை எத்தனை பட்டதாரிகளை உருவாக்கினாலும் அவர்கள் சிங்கப்பூருக்குப் பாலத்தைக் கடந்து போகவே செய்வார்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் 1904இல் கோலாலம்பூரில் தொடங்கிய ட்ரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி. சாலையும் பாலமும் போடக் காலனி அரசின் பொதுப்பணித் துறைக்கு உதவியாளர்கள் வேண்டியிருந்தது. அதற்கான பள்ளி அது. 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் இன்றைய பெயரைப் பெற்றது. பிறந்த நாள்தொட்டு அதன் பார்வை நாட்டின் தேவை மீதுதான். ஸ்கூடாய் அதற்கு முகவரி, அவ்வளவே. பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கி 2007இல் பல்கலைக்கழகமான துன் உசேன் ஓன் நிறுவனத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. இஸ்கந்தர் புத்ரியில் 2012 முதல் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் கிளை இயங்குகிறது; அதன் பாடத்திட்டத்துக்குத் தாய்வீடு இங்கிலாந்து.

மறுபுறம் தொழிற்சாலைகள். செனாய், தெப்ராவ், பாசிர் கூடாங் வட்டாரத்து நெகிழி வார்ப்புக் கூடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்திரத்துக்குள் எஃகு அச்சு மூடுகிறது, உருகிய ஏபிஎஸ் நெகிழி பாய்கிறது, நீர்க்குழாய்கள் அச்சைக் குளிர்விக்கின்றன, சில நொடிகளில் ஒரு மூடியோ கைப்பிடியோ வந்து விழுகிறது. ஆறும்போது ஏபிஎஸ் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு அளவில் சுருங்கும். ஆகவே அச்சின் குழியை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்ட வேண்டும். நெகிழி எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும், குளிர்நீர்ப் பாதை எங்கே வளைய வேண்டும், தடித்த விளிம்பில் பள்ளம் விழாமல் எப்படித் தடுப்பது என்பவையெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. அச்சு கூடத்துக்கு வந்து சேரும்போது பொறியியலின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. மிஞ்சியது எந்திரத்தின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சரிபார்ப்பதும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை உருப்படி என்று கணக்கு எழுதுவதும். நான்காண்டு படித்த பட்டதாரிக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டு, அவருக்கு ஆய்வு மனப்பான்மை இல்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமாகாது.

டைசன் நிறுவனம் 2002இல் தூசி உறிஞ்சி உற்பத்தியை இங்கிலாந்தின் மாம்ஸ்பரியிலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. ஜொகூரின் ஒப்பந்த உற்பத்தியாளர்கள் அதனால் வளர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான வேலைகள் வந்தன. அந்நிறுவனம் தன் பொறியியல் பணியில் ஒரு பங்கைப் பின்னர் ஜொகூருக்கும் கொண்டுவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2021 நவம்பரில், தொழிலாளர் நடத்தப்படும் விதம் பற்றிய தணிக்கைக்குப் பின், ஜொகூரின் ஒப்பந்த உற்பத்தியாளரான ஏடிஏ ஐஎம்எஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக டைசன் அறிவித்தது. வருவாயின் பெரும்பங்குக்கு ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த அந்த உற்பத்தியாளர் ஆடிப்போனார். தொழிலாளர் குறைகளைக் கண்டித்தது சரியே. நான் சுட்டுவது வேறு: சொந்தமாக ஒரு பொருளை வடிவமைக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு அடுத்த வாடிக்கையாளரைத் தேட வழியிருக்கும், பிறர் வரைந்ததை வார்த்துக் கொடுத்தவருக்கு அந்த வழி குறுகியது.

இதை விளங்கிக்கொள்ளக் கோயம்புத்தூர் உதவும். அங்கே பஞ்சாலைகள் முதலில் வந்தன, அவற்றுக்குப் பழுது பார்க்கும் பட்டறைகள் அடுத்து வந்தன. பிஎஸ்ஜி தொழிற்கூடம் 1926இல் அமைந்தது, 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டாரை உள்ளூரிலேயே உருவாக்கினார்கள். பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951இல்தான் வந்தது. அதாவது, கல்லூரி திறக்கும்போது மாணவருக்குத் தீர்க்கச் சிக்கல்கள் ஊரிலேயே காத்திருந்தன. ஆழ்கிணற்றிலிருந்து நீர் இறைக்க வேண்டிய உழவர் ஒரு பக்கம், வார்ப்பாலை முதலாளி இன்னொரு பக்கம். கோவையின் ஊதியமும் பணிச்சூழலும் போற்றத்தக்கவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பம்பின் வரைபடம் அந்த ஊரில் வரையப்பட்டது. பினாங்கும் ஓரளவு இப்படித்தான்: 1989இல் அங்கே தொழில் நிறுவனங்களே முன்னின்று திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தன, காலப்போக்கில் மின்னணுச் சில்லு வடிவமைப்பும் அங்கே வேரூன்றியது.

ஜொகூருக்கு இன்னொரு சுமை உண்டு. 1973 மே வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். நாள்தோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடக்கும் பாலத்தில், விடியுமுன் மோட்டார் சைக்கிள்களில் வரிசை பிடிப்போரில் படித்தவரும் உண்டு, படிக்காதவரும் உண்டு. வெளிநாடு சென்ற மலேசியரில் பாதிக்கும் மேற்பட்டோர் சிங்கப்பூரில் இருப்பதாக உலக வங்கியின் 2011 அறிக்கை கணித்தது. 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானதும், இங்கே தரச்சான்று பெற்ற பொறியியல் பட்டம் ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர் எங்கும் இணையானதாக ஏற்கப்பட்டது. இது பெருமைக்குரிய சாதனை, மாணவரின் உரிமையும்கூட. அதே கையெழுத்து, பட்டதாரியை ஊரோடு பிணைக்கும் கயிற்றையும் தளர்த்தியது. 2026 இறுதியில் ஓடத் திட்டமிட்டுள்ள புக்கிட் சாகார் – உட்லண்ட்ஸ் விரைவு ரயில், ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேரைச் சுமக்கும். பிடித்து நிறுத்துவதால் யாரும் நிற்கப்போவதில்லை.

இப்போது தரவு மையங்களின் காலம். சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்ததும் முதலீடு ஜொகூரின் கூலாயை நோக்கித் திரும்பியது. செம்பனை நின்ற செடனாக் மண்ணில் சன்னலில்லாக் கட்டடங்கள் எழுந்தன. கட்டும்போது பல ஆயிரம் கைகள் வேண்டும், கட்டி முடித்தபின் சில நூறு பேர் போதும். மின்சாரமும் நீரும் கோரும் அளவைக் கண்டு, 2024இல் ஜொகூர் அரசே விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை நிராகரித்தது. குளிர்விக்கும் நீரை மறுசுழற்சி செய்வது, வெப்பமண்டல ஈரப்பதத்தில் மின்செலவைக் குறைப்பது ஆகியவை ஜொகூருக்கே உரிய பொறியியல் சிக்கல்கள். ஸ்கூடாயின் ஆய்வகங்கள் உடனே கைவைக்க வேண்டிய இடம் இதுதான்; கோவைக்குக் கிணறு எப்படியோ, ஜொகூருக்கு இது அப்படி.

அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் எங்கே என்ற கேள்வியை ஒரு தமிழ் ஆய்விதழ் தாண்டிப் போகக்கூடாது. தோட்டம் துண்டாடப்பட்டபோது பலர் தாமான் வீடுகளுக்கும் தொழிற்சாலை ஷிப்டுகளுக்கும் வந்தார்கள். ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி மாணவர் புத்தாக்கப் போட்டிகளில் பரிசு வாங்கும் செய்தி நாளேடுகளில் வருகிறது; மகிழ்ச்சிதான். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. எஸ்பிஎம் தேர்வுக்குப் பின் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று எந்திரம் இயக்கும் இளைஞர், வேலையில் இருந்துகொண்டே பட்டம்வரை ஏறும் ஏணி மிக ஒடுக்கமானது. அச்சைக் கையால் தொட்டறிந்தவருக்கு அச்சு வரைவதைக் கற்பிப்பது, வரையத் தெரிந்தவரை அச்சுக்குப் பழக்குவதைவிட எளிது. நம் பெற்றோரும் சங்கங்களும் மருத்துவப் பட்டத்துக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூடத் திறன் கல்விக்குக் காட்டுவதில்லை. அதன் பலனைத் தோட்டத்துப் பிள்ளைகளே சுமக்கிறார்கள்.

2025 சனவரி 7 அன்று கையெழுத்தான ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம், ஐந்தாண்டில் 20,000 திறன்சார் வேலைகளை இலக்காக வைக்கிறது. தகுதிபெறும் புதிய முதலீடுகளுக்கு 15 ஆண்டுவரை 5 விழுக்காடு மட்டுமே நிறுவன வரி. சலுகையில் எனக்கு மறுப்பில்லை, எண்ணும் முறையில்தான் மறுப்பு. எத்தனை வேலை என்பதோடு, பொருளின் வரைபடமும் சோதனையும் எத்தனை விழுக்காடு ஜொகூரில் நடந்தது என்பதையும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். சலுகை பெறும் நிறுவனம் தன் தொழில்நுட்பர்களை வார நாளில் சம்பளத்தோடு ஸ்கூடாய்க்கோ பாரிட் ராஜாவுக்கோ படிக்க அனுப்புவதை நிபந்தனையாக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால் அந்த 5 விழுக்காட்டைக் கொடுக்காதிருப்பதே மேல்.