கணக்கு உதைக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை

கும்பகோணத்திலிருந்து பெரியப்பா எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. நான்கு வருடம் முன்பு ஆபரேஷன் செய்து புராஸ்டேட் சுரப்பியை எடுத்தாயிற்று. அதன் பிறகு பூஜ்யத்தை ஒட்டியே இருந்த பி.எஸ்.ஏ. இப்போது 0.4. "சுரப்பியே இல்லையேடா, பின்னே எங்கேருந்து வருது?" என்றார். நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த வங்கிக்காரன். தேடிப் படித்தால், இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

சிகிச்சை முடிந்தவர்களைக் கண்காணிக்க பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1986-ல் அனுமதித்தது. ஆபரேஷனுக்குப் பின் அது 0.2-ஐத் தொட்டு, மறு பரிசோதனையிலும் இறங்காவிட்டால் நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். சரி, எங்கே? எங்கள் பாஷையில் சொன்னால், ட்ரையல் பேலன்ஸ் உதைக்கிறது. வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும், எந்த லெட்ஜரில் என்று தெரியாது. இவ்வளவு சிறிய அளவில் எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

புற்றுநோய் செல்கள் சர்க்கரையை அதிகம் தின்னும் என்பதை வைத்து வந்தது எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரை. 1976-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். இந்தியாவின் முதல் பெட் ஸ்கேன் 2002-ல் இங்கே மும்பை பரேலில்தான் வந்தது. ஆனால் புராஸ்டேட் புற்றுக்குச் சர்க்கரை மேல் அவ்வளவு ஆசை இல்லை. போதாக்குறைக்கு எஃப்.டி.ஜி. சிறுநீரில் இறங்குவதால் மூத்திரப்பை ஜொலித்து, பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும்.

அடுத்து கோலின். 1990-களின் கடைசியில் ஜப்பானில் முயன்று பார்த்தார்கள். 2012-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஆனால் அதிலுள்ள கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். பக்கத்திலேயே சைக்ளோட்ரான் வேண்டும்.

திருப்பம் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தால் வந்தது. இந்தப் புற்று செல்களின் மேல் அது மிக அதிகமாக இருக்கும். 1996-லேயே அதைத் தேடிப் பிடிக்கும் ஒரு ஸ்கேன் மருந்து வந்தது. ஆனால் அது ஒட்டியது, புரதத்தின் செல்லுக்கு உள்ளே இருக்கும் முனையில். உயிரோடிருக்கும் செல்லுக்குள் போக முடியாமல், வாசலிலேயே நின்றுவிட்டது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடிக்கும் சின்ன மூலக்கூறு ஒன்றைச் செய்து, காலியம்-68-ஐ அதில் கோத்தார்கள். முதல் நோயாளிக்கு 2011-ல் கொடுத்தார்கள். காலியத்துக்கு சைக்ளோட்ரான் வேண்டாம், ஒரு சிறிய ஜெனரேட்டர் போதும். எஃப்.டி.ஏ. அனுமதி 2020 டிசம்பரில் வந்தது.

2019-ல் கலிபோர்னியாவிலிருந்து வெளியான 635 பேரின் ஆய்வில், பி.எஸ்.ஏ. 5-க்கு மேல் போனவர்களில் 97 சதவீதம் பேருக்கு இடம் தெரிந்தது. 0.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கு 38 சதவீதம்தான்.

பெரியப்பாவின் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள். நான்தான் உட்காரவைத்துச் சொன்னேன்: "பெரியப்பா, எந்த லெட்ஜர்னு கண்டுபிடிக்கலே, அவ்வளவுதான். கணக்கு இன்னும் டேலி ஆகலே." அளவு ஏறும்வரை காத்திருந்தால் ஸ்கேனில் நன்றாகத் தெரியும். ஆனால் கதிர்வீச்சு சிகிச்சை நன்றாகப் பலிப்பது அளவு குறைவாக இருக்கும்போதுதான். அதனால் புராஸ்டேட் இருந்த இடத்துக்கு இப்போதே கொடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "திங்கட்கிழமை நீ லீவு போட முடியுமா?" என்று மட்டும் கேட்டார். போட்டாயிற்று.