மறதியில் பிறந்த அறிக்கை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஓர் ஆலை இருக்கிறது, அதன் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் பிறந்ததும் ஆலையின் கணினிப் பிரிவிலிருந்து ஓர் அறிக்கை மேலே போக வேண்டும். இரண்டையும் இணைக்கும் லிங்க் எத்தனை முறை விழுந்தது, எந்த ஷிஃப்டில் நெரிசல், இன்னும் கூடுதல் வேகம் வாங்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். இணைப்பு கொடுத்தவர் 99.5 சதவீதம் உறுதி என்று கையெழுத்துப் போட்டிருந்தால், 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடத்துக்கு மேல் லிங்க் விழக் கூடாது. விழுந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சி இந்த அறிக்கைதான்.

வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருள் இருக்கும்போது, அதிலிருந்து தரவை வெளியே இழுத்து வேறோர் இடத்தில் ஏன் அறிக்கை தயாரிக்க வேண்டும்? இதற்கான விடை கண்காணிப்பு பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

1988இல் ஜெஃப் கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையை எழுதினார்கள். ரவுட்டரைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறை அது. ரவுட்டர் சொல்வது வேகத்தை அல்ல. இதுவரை கடந்துபோன பைட்டுகளின் மொத்தத்தை. ஈ.பி. மீட்டர் போல, இப்போதைய ரீடிங்கிலிருந்து முந்தைய ரீடிங்கை நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து 32 பிட் எண்ணி (கவுன்ட்டர்) ஏறத்தாழ 429 கோடி வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 5 நிமிடம் 44 விநாடியில் இது நடக்கும். கிகாபிட் இணைப்பில் 34 விநாடியே போதும். அதனால்தான் பிறகு 64 பிட் எண்ணிகள் வந்தன.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில். 1994இல் அங்குள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெளியுலகத் தொடர்பு என்று இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எப்படி ஓடுகிறது என்று எல்லோரும் பார்ப்பதற்காக டோபியாஸ் ஓட்டிக்கர் பெர்ல் மொழியில் ஒரு நிரல் எழுதினார். எம்.ஆர்.டி.ஜி. பிறந்தது. அதன் பதிவுக் கோப்பு வளராது. அதுதான் அதன் சாமர்த்தியம். 5 நிமிடக் கணக்கு இரண்டு நாள் வரைதான் இருக்கும். பிறகு அரை மணிச் சராசரி, 2 மணிச் சராசரி, கடைசியில் நாள் சராசரி என்று சுருங்கிக்கொண்டே போகும். அவரே 1999இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல் இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோனது.

இப்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆலையின் லிங்க் ஒரு மணி நேரம் 100 சதவீதம் அடைத்துக்கொண்டது, மீதி 23 மணி நேரம் 10 சதவீதம்தான் ஓடியது என்றால் நாள் சராசரி 13.75 சதவீதம். பில் போட முடியாமல் லாரிகள் காத்துக் கிடந்த அந்த ஒரு மணி நேரம் அந்தச் சராசரியில் தெரிவதே இல்லை. கண்காணிப்புக்கு இந்த நொடி முக்கியம். அறிக்கைக்குப் போன மாதம் முக்கியம். முன்னது மறக்கிற இடத்தில்தான் பின்னது பிறக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் தொடங்கிய அட்வென்ட்நெட் முதலில் விற்றது எஸ்.என்.எம்.பி. மென்பொருள் கருவிகளைத்தான், வாங்கியவர்கள் வலையமைப்புச் சாதனங்கள் செய்வோர். 2001இல் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்ததும் அட்வென்ட்நெட் மற்ற நிறுவனங்களின் கணினிப் பிரிவுகள் பக்கம் திரும்பியது. மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில் ஆப்மேனேஜர் என்ற கண்காணிப்பு மென்பொருள் வந்தது. 2009இல் நிறுவனத்தின் பெயர் சோஹோ ஆனது. கண்காணிக்க ஆப்மேனேஜர் கையில் இருந்தும், பல மென்பொருள்களின் தரவைச் சேர்த்து ஆராய அனலிடிக்ஸ் பிளஸ் என்று தனியாக ஒன்றை அதே நிறுவனம் செய்தது. ஒரே வீட்டிலும் இரண்டு வேலைக்கு இரண்டு கருவிகள் தேவைப்பட்டன.

கண்காணிப்புக்கும் அறிக்கைக்கும் நடுவே பாலமாக நிற்பவை ஒருங்கிணைப்புக் கருவிகள். பெல்ஜியத்தின் மாட் காஸ்டர்ஸ் உருவாக்கிய கெட்டில் என்ற கருவி 2005 இறுதியில் திறமூலமானது. மறு ஆண்டு பென்டாஹோ நிறுவனத்துடன் சேர்ந்தது. எடு, திருத்து, ஏற்று என்ற மூன்றுதான் இவற்றின் வேலை. கஷ்டமெல்லாம் நடுவில் உள்ள 'திருத்து'வில். சாதனம் ரீஸ்டார்ட் ஆனால் எண்ணி சுழியத்திலிருந்து தொடங்கும். கழித்தால் எதிர்மறை எண் வரும். போர்ட்டுகளின் வரிசை எண் மாறிப்போகலாம். நேற்றைய சென்னை லிங்க் இன்று கேன்டீன் சுவிட்ச் ஆகிவிடும். நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகியிருந்தால் நாள் காலை 5.30க்குத்தான் தொடங்கும், நள்ளிரவுக்குப் பிறகு அதுவரை ஓடியதெல்லாம் முந்தைய தேதியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இவ்வளவையும் சரிசெய்தாலும், சுருங்கிப்போன தரவை எந்தக் கருவியாலும் விரிக்க முடியாது. அதனால் மாதக் கடைசியில் உட்கார்ந்து தரவை இறக்கினால் கிடைப்பது பெரும்பாலும் சராசரிதான். 5 நிமிடக் கணக்கை அது அழியுமுன் நாள்தோறும் தரவுத்தளத்துக்கு அனுப்பி வைத்த ஆலைதான், இணைப்பு கொடுத்தவர் முன் ஆதாரத்தோடு பேச முடியும்.