பிறையைக் காட்டிய ஓட்டை



2019 டிசம்பர் 26 காலை நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் வளையமாகவும் நமது மட்டக்குளியில் பகுதியாகவும் தெரிந்த சூரிய கிரகணம். கிரகணத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், மரநிழலில் விழுந்த ஒளிப்பொட்டெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தன. இலை இடுக்குகள் செய்த வேலை அது.

அதையே ஆயிரம் வருடங்களுக்கு முன் உட்கார்ந்து ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூலே எழுதினார். ஓட்டை சிறிதாயிருந்தால் பிறை தெரியும். பெரிதாக்கினால் ஓட்டையின் வடிவமே திரையில் விழும். ஏன் என்பதை அளவுகளோடு விளக்கினார்.

இப்போது நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்திக்கு வருவோம். "கொன்போகல் நுணுக்குக்காட்டியைக் கண்டுபிடித்தது இப்னுல் ஹைதம்" என்கிறது அது. இல்லை. அவர் காலத்தில் நுணுக்குக்காட்டியே கிடையாது.

அதைச் செய்தவர் அமெரிக்கரான மார்வின் மின்ஸ்கி. 1955 அளவில், ஹார்வர்டில். மூளையின் நரம்புக் கலங்கள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டார். சாதாரண நுணுக்குக்காட்டியில் மாதிரி முழுவதிலும் வெளிச்சம் பாயும். பார்க்க வேண்டிய படைக்கு மேலும் கீழும் இருந்து வரும் ஒளி, படத்தைப் பனிமூட்டமாக்கிவிடும். மின்ஸ்கி இரண்டு ஊசித்துளைகளை வைத்தார். முதலாவது, வெளிச்சத்தை ஒரே புள்ளியில் குவிக்க. இரண்டாவது, அந்தப் புள்ளியிலிருந்து வரும் ஒளியை மட்டும் உள்ளே விட. மற்றதெல்லாம் துளையின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும். மாதிரியை அசைத்து அசைத்துப் புள்ளி புள்ளியாகப் படம் எடுத்தார். படத்தைக் காட்டியது இராணுவம் கழித்துப் போட்ட ரேடார் திரை! 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1961இல் கிடைத்தது. லேசரும் கணினியும் சேர்ந்து அக்கருவி ஆய்வுகூடங்களில் பரவியது 1980களின் பிற்பகுதியில். அதற்குள் காப்புரிமையின் 17 வருடம் முடிந்துவிட்டது, பாவம்.

துளையின் அளவுதான் இன்றைக்கும் பெரிய தலையிடி. மிகச் சிறிதானால் ஒளி போதாமல் படம் புள்ளி புள்ளியாய் இரையும். பெரிதானால் பழையபடி மூட்டம். மிகச் சிறந்த வில்லைகூட ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்டாது, சுற்றிலும் வளையங்களோடு சிறு வட்டமாகவே காட்டும். அந்த வட்டத்தின் அளவை 1835இல் ஜோர்ஜ் எயரி கணித்தார். துளையை ஏறத்தாழ அதே அளவில் வைப்பதே வழக்கம்.

இப்னுல் ஹைதமுக்கு இல்லாத பெருமை தேவையில்லை. தொலமியையே ஆதாரம் கேட்டுச் சந்தேகித்தவர் அவர். அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் தயவுசெய்து திருத்தி அனுப்புங்கள். நமது பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதிவிடுவார்கள்.