இரண்டு வெளியேற்றங்களும் ஒரு வழக்கும்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணச் சோனகத்தெரு மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துள் ஊரைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டனர். அப்போது எனக்குப் பத்து வயது. அந்த நாட்களில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். "இதற்கொரு வழக்கும் இல்லையா?" என்று வாப்பா புத்தளம் அகதி முகாமில் கேட்டுக்கொண்டேயிருப்பார்.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பில் இன்னொரு வெளியேற்றம் நிகழ்ந்தது. லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றம் சென்றது. மறுநாளே இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. வவுனியாவில் இறக்கப்பட்ட பலர் கொழும்பு திரும்பினர்.

அவர்களுக்குக் கிடைத்த நீதி எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஆசிரியனாகி, குடியியல் பாடத்துக்காக 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பைப் படித்தபோதே ஓரளவு விளங்கியது. விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையை 14ஆம் உறுப்புரை தருகிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி, நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் உரிமை மீறப்பட்டால்தான் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதுவும் ஒரு மாதத்துள். கொழும்பில் விரட்டியது அரசின் பொலிஸ். எங்களை விரட்டியது ஆயுத இயக்கம். அரசு பாதுகாக்கத் தவறியது என்று வாதிட்டிருக்கலாம்தான். அந்த ஒரு மாதமோ எங்களுக்குக் கூடாரம் கட்டுவதிலும் தண்ணீர் தேடுவதிலும் கழிந்தது.

ஆக, உரிமை அமைப்பொன்று வழக்கை எடுக்கும்போது துயரத்தின் அளவை மட்டும் பார்ப்பதற்கில்லை. பிரதிவாதி யார், காலம் கடந்துவிட்டதா, நீதிமன்றம் தடுக்கக்கூடிய தீங்கா என்பவற்றையும் பார்த்தாகவேண்டும். 376 பேரின் வழக்கு இம்மூன்றுக்கும் பொருந்தியது. 75,000 பேரின் துயரம் முதற் கேள்வியிலேயே இடறியது.

நீதிமன்றம் போகமுடியாத துயரத்தை அப்படியே விட்டுவிடலாமா? லோ அன்ட் சொசைட்டி டிரஸ்ட் 2009இல் பிரஜைகள் ஆணைக்குழுவொன்றை அமைத்து, வெளியேற்றப்பட்டோரின் சாட்சியங்களைப் பதிந்து, 2011இல் அறிக்கை வெளியிட்டது. அது தீர்ப்பல்ல, யாருக்கும் காணியோ வீடோ மீட்டுத் தரும் அதிகாரம் அதற்கில்லை. ஆயினும் எங்கள் கதை எழுத்தில் ஏறியது.

இன்று இக்குடாநாட்டுக் கிராமப் பாடசாலையொன்றில் அதே 126ஆம் உறுப்புரையைக் கற்பிக்கிறேன். "ஒரு மாதம்" என்பதைக் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போடுவேன். பிள்ளைகள் அதையாவது மறக்கக்கூடாது.