87-ஆ, 93-ஆ? பெட்ரோல் பங்க் பட்டனுக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷக் கதை

அமெரிக்காவுல இருக்கற ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "புதுசா ஹைபிரிட் எஸ்யூவி வாங்கியிருக்கேன். பங்க்ல 87, 89, 93னு மூணு பட்டன் இருக்கு. இவ்வளவு காசு போட்டு வண்டி எடுத்துட்டு மட்டமான பெட்ரோல் போட மனசு வரல. பிரீமியமே போடட்டுமா?"

பதில் சின்னது, கடைசில சொல்றேன். அவர் "மட்டமான"ன்னு சொன்னார் பாருங்க, அந்த நினைப்பு எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் இன்னைக்கு எபிசோடு.

1910-கள்ல அமெரிக்கக் கார்கள்ல ஒரு தொல்லை. மேடு ஏறும்போது இன்ஜினுக்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கற மாதிரி சத்தம் வரும். நம்ம மெக்கானிக்குங்க 'நாக்கிங்'னு சொல்றது இதைத்தான். சிலிண்டருக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்த கலவையை அழுத்தி, பொறி வச்சுப் பத்த வைக்கறோம். அந்த நெருப்பு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஓரத்துல இருக்கற கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிச்சா, அதான் அந்தச் சத்தம். நல்லா அழுத்தினாத்தான் அதே பெட்ரோல்ல கூடுதல் வேலை வாங்க முடியும். அழுத்தினாலோ இன்ஜின் தட்டும். பெரிய முட்டுக்கட்டை.

ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரத்துல, சார்ல்ஸ் கெட்டரிங் தலைமையில ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடம் இருந்துச்சு. அங்க தாமஸ் மிட்ஜ்லினு ஒரு இன்ஜினியர், கைக்குக் கிடைச்சதையெல்லாம் பெட்ரோல்ல கலந்து பார்த்துட்டு இருந்தார். 1921 டிசம்பர் 9 அன்னைக்கு டெட்ராஎத்தில் லெட்டைக் கலந்தார். சத்தம் நின்னுடுச்சு. ஒரு கேலனுக்குச் சில மில்லி போதும்.

சாராயம், அதாவது எத்தனால் கலந்தாலும் நாக்கிங் அடங்கும். அது மிட்ஜ்லிக்கே தெரியும். ஆனா சாராயத்தை யார் வேணா காய்ச்சலாம், அதுக்கு எப்படி பேடன்ட் வாங்கறது? அதனால ஈயம் ஜெயிச்சது. ஈயம் விஷம்னு ரோமானியர் காலத்துலயே தெரியும். விக்கறப்போ வச்ச பேரு வெறும் 'எத்தில்'. 'லெட்'ங்கற வார்த்தையைக் காணோம்! 1923 பிப்ரவரியில டேட்டன்லயே விற்பனை ஆரம்பிச்சது. சாதா பெட்ரோலை விடச் சில சென்ட் அதிகம். காசு கூடக் கொடுத்தா ஒசத்தி பெட்ரோல்ங்கற பழக்கம் இப்படித்தான் ஊன்றுச்சு.

அடுத்த வருஷம் அக்டோபர்ல, நியூ ஜெர்சி பேவேல ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியோட ஆலையில இந்தத் திரவத்தைத் தயாரிச்ச தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்க ஆரம்பிச்சது. அஞ்சு பேர் செத்தாங்க, முப்பதுக்கும் மேல ஆஸ்பத்திரியில. பத்திரிகைகள் இதுக்கு 'பைத்தியக்கார பெட்ரோல்'னே பேரு வச்சாங்க. மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டு, அவங்க முன்னாடியே அந்தத் திரவத்தைக் கையில ஊத்திக் கழுவி, மோந்தும் காட்டினார். அதுக்கு முந்தின வருஷம்தான் இதே ஈய விஷத்துக்காக அவர் லீவு போட்டு ஃபுளோரிடா போய் உடம்பைத் தேத்திக்கிட்டு வந்தவர். எனக்கு இந்தக் கதையில ஜீரணிக்கவே முடியாத இடம் இதுதான். 1925-ல விற்பனை நின்னுச்சு. 1926-ல அரசு நியமிச்ச குழு 'தடை செய்யப் போதுமான காரணம் இல்லை'ன்னு சொன்னதும் திரும்ப வந்துடுச்சு.

அந்தக் காலகட்டத்துலதான் இந்த நம்பரும் பிறந்தது. எத்தில் கம்பெனி வேதியியலாளர் கிரஹாம் எட்கர் ஒரு அளவுகோல் போட்டார். தட்டவே தட்டாத ஐசோஆக்டேனுக்கு 100, உடனே தட்டற ஹெப்டேனுக்கு 0. அதாவது ஆக்டேன் நம்பர் சொல்றது ஒரே ஒரு விஷயம்: தானா வெடிக்காம எவ்வளவு தாங்கும். சக்தி அதிகம்னோ, சுத்தம்னோ, மைலேஜ் கொடுக்கும்னோ அர்த்தமே இல்ல.

கார் புகைல ஈயம் அரை நூற்றாண்டுக்கு மேல குழந்தைங்க ரத்தத்துல ஏறுச்சு. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுத்துடும்ங்கறதால 1970-கள்ல அமெரிக்காவுல அது குறைய ஆரம்பிச்சது, 1996-ல சாலை வண்டிகளுக்கு முழுத் தடை. இந்தியாவுல 2000-த்துல போச்சு. உலகத்துல கடைசியா நிறுத்தின நாடு அல்ஜீரியா, 2021-ல.

ஈயம் போச்சு, ஒசத்திங்கற நினைப்பு போகல. பிரீமியம் போட்டா பராமரிப்புச் செலவு குறையும்னு விளம்பரம் பண்ண எக்ஸான் மேல அமெரிக்க வர்த்தக ஆணையம் 1996-ல நடவடிக்கை எடுத்துச்சு. பெரும்பாலான கார்களுக்கு சாதா பெட்ரோலே போதும்னு அடுத்த வருஷம் எக்ஸானே விளம்பரம் கொடுக்க வேண்டியதாச்சு. 2016-ல டிரிபிள்-ஏ அமைப்பு போட்ட கணக்குப்படி, தேவையில்லாத பிரீமியத்துக்கு அமெரிக்கர்கள் ஒரே வருஷத்துல செலவழிச்சது 210 கோடி டாலர். இத்தனைக்கும், இன்ஜினைச் சுத்தமா வைக்கற டிடர்ஜென்ட் அங்க சட்டப்படி எல்லா கிரேடுலயும் இருந்தாகணும்.

இப்ப ஹைபிரிட். டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டோட 2.5 லிட்டர் இன்ஜின்ல கம்ப்ரஷன் 14-க்கு 1. எண்ணைப் பார்த்தா 93 கேக்கும்னு தோணும். ஆனா 87 போதும்னு கம்பெனியே சொல்லுது. 1880-கள்ல ஜேம்ஸ் அட்கின்சன்ங்கற இங்கிலாந்துக்காரர் யோசிச்ச முறைதான் காரணம். இன்னைக்கு அதைச் செய்யற விதம் வேற: உள்ள வந்த கலவையில கொஞ்சத்தை வெளிய தள்ளின பிறகுதான் வால்வு மூடும். அதனால நிஜமா அழுத்தறது கம்மி, விரியறது அதிகம். இழுவை குறையும். அந்தக் குறையை மோட்டார் சரிக்கட்டிடும்.

அதனால நேயரே, வண்டி மேனுவலை எடுத்துப் பாருங்க. 87னு போட்டிருந்தா 87 போடுங்க. பிரீமியம் 'கட்டாயம்'னு இருந்தா, சில டர்போ ஹைபிரிட்டுக்கு இருக்கலாம், அதையே போடுங்க. 'பரிந்துரை'ன்னு மட்டும் இருந்தா 87-லயும் ஓடும், நாக்கிங் சென்சார் பொறி விழற நேரத்தைத் தள்ளி வச்சுச் சமாளிக்கும், பிக்கப் கொஞ்சம் குறையலாம். அந்த 89 பட்டனை மறந்துடுங்க.