உறைமோரில் தேடிய ஆயுள்

அரபு மொழியில் 'லபன்' என்னும் சொல் பாலைக் குறிக்கும். எகிப்தியர் வழக்கில் இன்றும் அது பால்தான். ஷாம் நாட்டாரிடம் அதுவே தயிராகிவிடுகிறது. மேல்நாட்டார் வழங்கும் 'யோகர்ட்' என்ற சொல்லோ துருக்கியருடையது. மஹ்மூத் அல்காஷ்கரீ 1070களில் பக்தாதில் தொகுத்த துருக்கிய மொழி அகராதியிலேயே அச்சொல் காணப்படுகிறது. தயிர் அவ்வளவு பழமையானது. ஆயினும் பாலை உறையச் செய்வது கண்ணுக்குப் புலப்படாத உயிர் என்பதும், அதன் இனத்தவை நம் குடலிலும் குடியிருக்கின்றன என்பதும் அண்மைக் காலத்தில் அறியப்பட்டவை.

1905இல் ஜெனீவாவில் ஆய்ந்துகொண்டிருந்த பல்கேரியர் ஸ்டாமன் கிரிகோரோவ், தம் நாட்டுத் தயிரில் கோல்வடிவ நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலிருந்த ரஷ்ய அறிஞர் மெச்னிகாவ் அதனை ஆவலுடன் பற்றிக்கொண்டார். உடலின் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தமைக்காக 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பெருங்குடலில் உணவை அழுகச் செய்யும் கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன, அந்நஞ்சே முதுமைக்குக் காரணம் என்று அவர் கருதினார். பல்கேரியக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வது தயிரால்தான் என்றும் சொன்னார். தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார்.

தயிர் உண்பவர் நெடுநாள் வாழ்கிறார் என்பதனால், தயிரே அவரை வாழ வைத்தது என்று ஆகிவிடாது. மன்திக் பாடம் தொடங்கிய மாணவனும் இந்தப் பிழையைச் சுட்டிவிடுவான். ஆயினும் குடலே நஞ்சின் உறைவிடம் என்ற அச்சம் அக்காலத்தில் எத்துணை வலுத்திருந்தது எனில், லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் பலருக்குப் பெருங்குடலையே அறுத்து நீக்கினார். மெச்னிகாவ் 1916இல் தம் 71ஆம் வயதில் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் ரெட்கர் என்பவர் ஆராய்ந்து, பல்கேரிய நுண்ணுயிர் மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்று காட்டினார்.

ஆகவே உணவோடு வரும் இவற்றுட் பல முஸாஃபிர்களே. சில நாள் தங்கிச் சென்றுவிடுகின்றன. ஆனால் தங்கும் காலத்தில் புளிப்பமிலத்தைச் சுரந்து தீய கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. அவற்றோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுகின்றன. எல்லா நேரத்திலும் இது நன்மையாக முடிவதில்லை. கிருமிக்கொல்லி மருந்துக்குப் பின் இவற்றை உட்கொண்டவர்களின் குடலில், சொந்த நுண்ணுயிர்கள் திரும்பத் தழைப்பது தாமதமாயிற்று என 1918க்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

உண்மையான குடிகளைக் கண்டவர் அதே பாஸ்டர் நிறுவனத்து ஹென்றி டிசியே. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்தில் கவைபட்ட வடிவுடைய நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பதை அவர் கண்டார். அதன் காரணம் பின்னரே விளங்கிற்று. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவியலாத சர்க்கரைகள் உள்ளன. செரிக்காத பொருள் பாலில் எதற்கு? அவை அந்நுண்ணுயிர்களுக்கான உணவு! தாய் ஊட்டுவது குழந்தைக்கு மட்டுமன்று, அதன் குடலில் குடியேறும் விருந்தாளிகளுக்கும்தான்.

இந்த அறிவு ஒடிசாவின் சிற்றூர்களில் பயன்பட்டது. அங்கே பிறந்த 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு வார காலம் லாக்டோபாசில்லஸ் இன நுண்ணுயிரையும் அதற்கு உணவாகும் சர்க்கரையையும் கொடுத்தனர். 2017இல் முடிவுகள் வெளியாயின. முதல் இரு மாதங்களில் இரத்தத்தில் கிருமி பரவும் நோய்க்கோ மரணத்துக்கோ ஆளானவர்கள் மற்றப் பிரிவில் நூற்றுக்கு 9 பேர், இப்பிரிவில் 5.4 பேர்.

ஆனால் 2023இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை, குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய நுண்ணுயிர்களைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர்களை எச்சரித்தது. ஒடிசாவில் சேர்க்கப்பட்டவை 2 கிலோவுக்குக் குறையாத எடையுடன் பிறந்து, தாய்ப்பால் அருந்திய குழந்தைகள்.